பிரயாணம் முடித்து வந்த மென்பவளத்தைத் தேற்றும் முறை

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போர் விலை கொடுத்து வாங்கும் ஜீவன்களுள், ‘லெதர் கோரல்’ என்றும் ‘டோட்ஸ்டூல்’ என்றும் கடைகளில் வழங்கும் ஸார்கோஃபைட்டன் இனத்து மென்பவளத்தைப் போல, வாங்கியவரை முதல் வாரத்தில் நிலைகுலையச் செய்து, ஒரு மாதம் பொறுத்தவரிடம் அந்தக் கவலை அத்தனையும் வீண் என்று நிரூபித்துவிடுவது வேறொன்று இல்லை. விற்பவர் காட்டிய படத்தில் தலை அகன்று விரிந்து, அதன்மேல் எண்ணற்ற இளம்பழுப்புப் பாலிப்புகள் நீரோட்டத்தில் அலைய நின்றது எதுவோ, அது பையிலிருந்து கைக்கு வரும்போது பாதியளவாகச் சுருங்கி, நிறம் மங்கி, வழவழப்பான சளியைப் பூசிக்கொண்ட ஒரு சதைக்கட்டியாகவே இருக்கும். அதைக் கண்டு பதறி, வெளிச்சத்தைக் கூட்டுவதும், மருந்தை ஊற்றுவதும், இரைப்பொடியைத் தூவுவதும், ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றி மாற்றி வைப்பதுமாகச் சில நாட்களிலேயே அதன் உயிரை வாங்கிவிடுகிறவர்கள் பலர். பிரயாணத்தில் மடிந்தவற்றைவிட, பிரயாணம் பிழைத்து வந்து உபசாரத்தில் மடிந்தவையே அதிகமோ என்று எண்ணத் தோன்றுகிறது. இந்தப் பிராணிக்கு நாம் செய்ய வேண்டியவை மிகச் சில. அவற்றைச் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருப்பதே சிகிச்சையின் பெரும்பகுதி. ஆனால் கையைக் கட்டிக்கொண்டிருக்கும் அந்த நாட்களில் கண்ணையும் மூக்கையும் கட்டிக்கொள்ளலாகாது.

முதலில் அதன் தேக அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்; அறிந்தால் பாதிப் பயம் தானே தெளிந்துவிடும். கற்பவளத்துக்கு உள்ளதைப் போன்ற கட்டியான சுண்ணாம்புக் கூடு மென்பவளத்துக்கு இல்லை. அதன் சதைக்குள் ஸ்கிளரைட் எனப்படும் நுண்ணிய சுண்ணாம்புத் துணுக்குகள் விரவிக் கிடக்கின்றனவேயன்றி, அதை நிமிர்த்தி நிறுத்துவது அவையல்ல. உடலெங்கும் ஓடும் கால்வாய்களில் நிரம்பியுள்ள நீரின் அழுத்தமே அதன் முதுகெலும்பு. ஸார்கோஃபைட்டனின் தலையில் இருவகைப் பாலிப்புகள் உண்டு. பெரியவை எட்டு இறகுக் கரங்களுடன் வெளியே நீண்டு இரை பிடிப்பவை. அவற்றுக்கிடையே கரங்களில்லாத மிகச் சிறியவை மேற்பரப்போடு படிந்து கிடக்கும். நீரை உள்ளே இறைத்து உடலை உப்பவைப்பதே அவற்றின் தொழில். மூடிக் கிடக்கும் தலையைத் தொட்டியின் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே ஒரு பூதக்கண்ணாடி கொண்டு உற்றுப் பார்த்தால், ஊசிமுனை நுழையுமளவுள்ள குழிகள் சீரான இடைவெளியில் தெரியும். பெரிய பாலிப்புகள் உள்வாங்கிக்கொண்ட வாசல்கள் அவை. அவற்றுக்கு நடுவே கண்ணுக்குத் தப்பும் அளவில் இன்னும் நுண்ணிய புள்ளிகள் இருக்கும். ஆபத்து வந்ததும் இந்த ஜீவன் செய்வது இதுதான்: வாசல்களை அடைத்து, நீரை வெளியேற்றி, தன்னைச் சிறியதாக்கிக்கொள்கிறது. ஆகவே சுருங்கிய ஸ்திதி தற்காப்பே தவிர வியாதியன்று. திரும்ப உப்புவதற்கு அதற்கு நல்ல நீரும் அவகாசமும் வேண்டும். வேறு எதுவும் வேண்டுவதில்லை.

அது வந்த வழியையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தோனேசியாவின் கடற்பண்ணை போன்ற ஓரிடத்தில் வெட்டப்பட்டு, பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் மீதிக்குப் பிராணவாயுவும் நிரப்பி, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி விமானத்தில் ஏற்றப்பட்டு, மொத்த வியாபாரியின் தொட்டியில் சில நாள் கிடந்து, அங்கிருந்து மறுபடியும் பையில் கட்டப்பட்டு நம்மிடம் வருகிறது. ஒவ்வொரு பிரயாணத்திலும் ஒரு நாளோ இரண்டு நாளோ இருட்டு. அதன் சதைக்குள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, அதில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்கே கொடுக்கும் ஸூஸாந்தெல்லே என்ற நுண்பாசிகளுக்கு அந்த இருட்டில் வேலையில்லை. பையின் நீரிலோ வேறொரு ரசாயன நாடகம் நடக்கிறது. பவளம் சுவாசித்து விடும் கரியமில வாயு அடைபட்ட நீரில் கரைந்து அதன் பி.எச். அளவைக் கீழே இழுக்கிறது. கழிவாக வெளியேறும் அம்மோனியா, பி.எச். தாழ்ந்த அந்த நீரில் பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனிய அயனியாகவே அடங்கி நிற்கிறது. அசுத்தமான நீர்தான், என்றாலும் பை மூடியிருக்கும் வரை அந்த அசுத்தத்துக்குப் பல் இல்லை. பையைத் திறந்ததும் கரியமில வாயு பறந்துபோகிறது, பி.எச். ஏறுகிறது, அடங்கியிருந்த அயனி மீண்டும் விஷமான அம்மோனியாவாக மாறத் தொடங்குகிறது.

இந்த ஒரு விஷயத்தை மனத்தில் கொண்டால், மீன்களுக்கென்று ஏற்பட்ட பழைய வழக்கமொன்றை, அதாவது பையைத் திறந்து வைத்து அதனுள் தொட்டி நீரை ஒரு குழாய் வழியே மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விடுவதை, நெடுந்தூரம் வந்த பவளத்துக்கு ஏன் செய்யலாகாது என்பது விளங்கும். சொட்டுகள் விழுந்துகொண்டிருக்கும் நேரமெல்லாம் அது தன் சொந்த விஷத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு நீரும் ஆறிப்போகிறது.

பெட்டி வருமுன் தொட்டி ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனெனில் பெட்டி வந்த பிறகு உப்பு கரைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். உஷ்ணநிலை 25, 26 டிகிரி செல்சியஸில் நிலைத்திருக்கட்டும். நம் கோடையில் அது 28ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சில்லர் இல்லாதவர்கள் நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறிய விசிறியை ஓடவிடலாம், ஆனால் விசிறி ஓடும் வீட்டில் நீர் வேகமாக ஆவியாகி உப்பு ஏறும் ஆதலால் ஆர்.ஓ. நீரை நாள்தோறும் ஈடுசெய்ய மறக்கக் கூடாது. உப்பின் அடர்த்தி 1.025 அல்லது 1.026, அதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் நன்னீரில் சரிபார்ப்பது போதாது, ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள அளவுத் திரவத்தைக் கொண்டு சரிபார்த்திருக்க வேண்டும். காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச்., கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல், அம்மோனியா அறவே இல்லை, நைட்ரேட் சிறிதளவு: இவ்வளவே. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் துளியும் இல்லாமல் துடைத்தெடுத்த நீர் மென்பவளத்துக்கு உகந்ததன்று. கொஞ்சம் ‘அழுக்கான’ தொட்டியிலே அது செழிக்கும் என்று கூறும் அனுபவஸ்தர்களின் வாக்கில் உண்மையிருக்கிறது. தொட்டி ஆரம்பித்து ஆறு மாதமாவது ஆகியிருந்தால் நல்லது. தனியே நாற்பது ஐம்பது லிட்டரில் ஒரு சிறிய தொட்டியை ஹீட்டரும் நீரைச் சுழற்றும் பவர்ஹெட்டும் வைத்துப் புதியவற்றுக்கென ஒதுக்க வசதியுள்ளவர்கள் பாக்கியசாலிகள். அந்தச் சிறிய தொட்டியில் மட்டும் அம்மோனியாவை இரண்டு நாளுக்கொருமுறை சோதித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பெட்டி வந்ததும் தொட்டியின் விளக்கை அணைத்துவிடுங்கள். அறையின் சாதாரண வெளிச்சம் போதும். பையைக் கட்டவிழ்க்காமல் அப்படியே தொட்டி நீரில் இருபது நிமிஷம் மிதக்கவிட்டால் உள்ளும் புறமும் உஷ்ணம் சமமாகும். பிறகு பையைத் திறந்து, அதன் நீரில் ஒரு துளியை ரிஃப்ராக்டோமீட்டரில் இட்டுப் பாருங்கள். இரு நீருக்கும் வித்தியாசம் 0.002க்குள் இருந்தால் தயக்கமின்றிப் பவளத்தை உடனே மாற்றிவிடலாம். அதற்கு மேலென்றால் ஒரு சுத்தமான வாளியில் பவளத்தையும் பை நீரில் கொஞ்சத்தையும் விட்டு, ஐந்தைந்து நிமிஷத்துக்கு ஒரு குவளையாகத் தொட்டி நீரைச் சேர்த்து, அரைமணிக்குள் காரியத்தை முடித்துக்கொள்ளுங்கள். பை நீரில் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது. தூக்கும்போது தண்டின் அடியையோ அது ஒட்டியிருக்கும் கல்லையோதான் பிடிக்க வேண்டும். தலையைப் பிடித்துத் தூக்கினால், நீருக்கு வெளியே தன் எடையைத் தாங்கச் சக்தியற்ற அந்தச் சதை கழுத்தில் கிழிந்துபோகலாம். கையுறை அணிந்துகொள்வதை நான் கட்டாயமாகவே வைத்திருக்கிறேன். லெதர் கோரலின் சளி சிலருக்கு அரிப்பைத் தரும், அவ்வளவே. ஆனால் அதே பெட்டியில் வரும் ஸோவாந்திட், பாலிதோவா வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கக்கூடும். ஹவாய்த் தீவுகளின் பாலிதோவாவிலிருந்து 1971இல் பிரித்தெடுக்கப்பட்ட அந்த நஞ்சு, கையில் உள்ள கீறல் வழியாகவும் கண் வழியாகவும் உடலில் ஏறும். அவை ஒட்டிய கல்லை வெந்நீரில் போடுபவர்கள் ஆவி வழியாகவும் அதை வாங்கிக்கொள்வார்கள்.

கைக்கு வந்த அந்தத் தருணத்தில் மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். ஆரோக்கியமான ஸார்கோஃபைட்டனுக்குக் கடல்வாடையோடு சற்றுக் காரமான, தைலம் கலந்ததொரு நெடி உண்டு. அழுகிய முட்டையின் நாற்றமோ, செத்த நத்தையின் நாற்றமோ வந்தால், எங்கிருந்து வருகிறது என்று அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள்; பெரும்பாலும் வெட்டுவாயில்தான், கல்லோடு ஒட்டிய மறைவிடத்தில்தான், அழுகல் தொடங்குகிறது.

அடுத்தது ‘டிப்’ என்ற மருந்துக் குளியல். பவளங்களுக்கென்று விற்கும் திரவம் எதுவாயினும், புட்டியில் எழுதிய அளவுக்கு மேல் ஒரு துளியும் வேண்டாம், அதில் எழுதிய நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷமும் வேண்டாம். குளியலின் நோக்கம் பவளத்தைக் குணப்படுத்துவதன்று, அதனோடு ஒட்டி வரும் பகைவர்களை உதிர்ப்பது. வாளிக்குள் பவளத்தைச் சுற்றி, ரப்பர்க் குமிழ் வைத்த பிளாஸ்டிக் பீச்சியால் மடிப்புகளுக்குள் நீரை வேகமாகப் பாய்ச்சினால், வாளியின் அடியில் என்னென்ன வந்து விழுகின்றன என்பது வியப்பைத் தரும். அதில் தேடவேண்டியவை இரண்டு. ஒன்று ட்ரைட்டோனியாப்ஸிஸ் என்ற ஓடில்லாத கடல்நத்தை: மென்பவளத்தையே தின்று வாழ்வது, பகலில் தண்டின் அடியில் ஒளிந்து, தலையில் பள்ளம் பள்ளமாகக் கடித்த தடத்தை மட்டும் விட்டுச் செல்வது. மற்றொன்று ஓவுலா ஓவம் என்ற வெண்சோழி: பளிங்கென வெளுத்த ஓட்டின்மேல் கருநிறச் சதைப்போர்வையைப் போர்த்துக்கொண்டு வருவதால் அழகென்று நினைத்து வைத்துக்கொள்ளத் தோன்றும், லெதர் கோரல்தான் அதன் ஆகாரம். இவற்றின் முட்டைகளை எந்தக் குளியலும் கொல்லாது. சுருளாகவோ நாடாவாகவோ ஒட்டியிருக்கும் முட்டைத் திரளைக் கண்டால் மொண்ணைக் கத்தியால் சுரண்டியெடுத்துவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். பவளம் மிகவும் நலிந்து, சதை துவண்டு வந்திருந்தால் அன்றைக்கு மருந்தை விட்டுவிட்டு வெறும் தொட்டி நீரில் அலசி வைப்பதே உசிதம். தனித்தொட்டி உள்ளவர்களுக்கு அதில் அபாயமில்லை.

இனி அதை வைக்கும் இடம். வெளிச்சத்தைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது நீரோட்டத்தைப் பற்றி. மென்பவளம் மூடிக்கிடக்கும் காலத்தில் தன் மேலுள்ள அழுக்கையும் சளியையும் தள்ளிவிட அதற்குத் தனக்கென்று கையில்லை. ஓடும் நீர்தான் அந்த வேலையைச் செய்கிறது. நீர் தேங்கும் மூலையில் வைத்தால் சளியின்மேல் தூசி படிந்து, தூசியின்மேல் செம்பாசிப் படலம் பிடித்து, அதன் கீழே சதை மூச்சுத்திணறி அழுகும். பவர்ஹெட்டின் வாயெதிரே வைத்தாலோ ஒரு பக்கமாகவே வளைந்து, திறக்கவே மாட்டாமல் நிற்கும். நீர் ஒரு நிமிஷம் இப்புறமும் மறு நிமிஷம் அப்புறமுமாகத் தழுவிச் செல்ல, தலையின் ஓரம் லேசாக அசைந்தும் தண்டு சாயாமலும் இருக்கும் இடமே சரியான இடம். அதைக் கண்டுபிடிக்க எளிய உபாயம், பவளத்தை வைக்குமுன் அந்த இடத்தில் பீச்சியால் சிறிது இரைத்தூளை விட்டு அது போகும் வழியைப் பார்ப்பதுதான். சுழன்று அங்கேயே படிந்தால் அந்த இடம் வேண்டாம்.

வெளிச்சம் குறைவாகத் தொடங்கட்டும். இருட்டிலிருந்து வந்த நுண்பாசிகள்மேல் எல்.இ.டி.யின் முழுப் பிரகாசத்தைப் பாய்ச்சினால், அவை கையாள இயலாத அளவுக்கு ஒளியை உட்கொண்டு, பிராணவாயுவின் கேடு விளைவிக்கும் உருவங்களைச் சதைக்குள் உற்பத்தி செய்கின்றன. அந்தத் தொல்லையைப் பொறுக்கமாட்டாமல் பவளம் அவற்றை வெளியேற்றி வெளுத்துவிடுகிறது. ஒளியை அளக்கும் பார் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு அளவாகச் சொன்னால், சதுர மீட்டருக்கு விநாடிக்கு 50 மைக்ரோமோலில் தொடங்கி, மூன்று வாரத்தில் 100ஐயும் கடந்து கொண்டுவரலாம். இந்த இனத்துக்கு 200க்கு மேல் அவசியமில்லை. மீட்டர் இல்லாதவர்கள் தொட்டியின் கீழ்ப்பாகத்தில், நேர் விளக்குக்கு ஒதுங்கிய இடத்தில் வைத்து, விளக்கின் வீரியத்தை வாரம்தோறும் சிறிது ஏற்றினால் போதும். விளக்கை ஏற்றுங்கள், பவளத்தை நகர்த்தாதீர்கள்: ஒவ்வொரு நகர்த்தலிலும் அது மறுபடி மூடிக்கொண்டு ஆரம்பத்திலிருந்து தொடங்குகிறது.

இவ்வளவும் செய்த பிறகு காத்திருத்தல். இரண்டு மூன்று நாளில் சில திறந்துவிடும். பல பத்து நாள், பதினைந்து நாள் எடுத்துக்கொள்ளும். மூன்று வாரம் கழிந்து திறந்தவையும் உண்டு. இந்த இடைக்காலத்தில்தான் புதியவர்களை நடுங்கவைக்கும் அந்தக் காட்சி வரும். தலையின் மினுமினுப்பு ஒரு நாள் காலையில் சற்று அதிகமாகத் தெரியும். மெழுகு தடவிய பளபளப்பு அது. பின்னர் அது மங்கி, சாம்பல் நிறமான மெல்லிய படலமாகத் திரண்டு, அதன்மேல் பாசித் துணுக்குகள் ஒட்டி, பார்க்க அருவருப்பாக இருக்கும். அதன்பின் ஓரத்தில் ஒரு கிழிசல். நீரோட்டத்தில் கிழிசல் நீண்டு, படலம் துண்டு துண்டாகவோ சில சமயம் முழுத்தாளாகவோ பிய்ந்து மிதந்துபோகும். பாம்பு சட்டை உரிப்பதற்கும் இதற்கும் அதிக பேதமில்லை: உரிந்த இடத்தில் புதிய தோல் தெளிவான நிறத்தோடு தெரிகிறது, மறுநாளோ அதற்கடுத்த நாளோ பாலிப்புகள் அங்கிருந்தே எட்டிப் பார்க்கின்றன. இது ஸார்கோஃபைட்டனின் பிறவிச் சுபாவம். நன்றாகத் தேறி வாழும் பவளமும் அவ்வப்போது இப்படி மூடி உரித்துக்கொள்ளும். படலத்தை விரலால் உரிக்க முயலாதீர்கள். நாளைக்கு ஒருமுறை பீச்சியால் சற்றுத் தூரத்திலிருந்து மெல்ல ஊதிவிடலாம். தானாக வருவது வரட்டும், வராததை விட்டுவிடுங்கள்.

தோல் உரிதலையும் அழுகலையும் பிரித்தறியும் லட்சணங்களைத் தெரிந்துகொண்டவர்கள் இரவில் நிம்மதியாக உறங்கலாம். மூடிக் கிடந்தாலும் உயிரோட்டமுள்ள சதை இறுக்கமாக இருக்கும். கையுறை விரலால் தண்டை ஒருமுறை தொட்டால் பதனிட்ட தோலின் திண்மை தெரியும். அழுகும் சதையோ குழையும், விரலோடு வரும். உரியும் படலம் பரப்பு முழுவதிலும் ஏறத்தாழ ஒரே சீராகப் படியும். அழுகல் ஓரிடத்தில் கறுப்பாகவோ, பழுப்புக் கூழாகவோ, வெண்மையான நைந்த பொட்டாகவோ தோன்றி, நேற்றிருந்ததைவிட இன்று அகன்றிருக்கும். ஆகவே தினமும் ஒரே நேரத்தில், ஒரே கோணத்தில் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் ஞாபகம் பயந்த வேளையில் பொய் சொல்லும், படம் சொல்லாது. எல்லாவற்றுக்கும் மேல், நாற்றம்: உரியும் பவளத்துக்கு அது இராது.

அழுகல் என்று நிச்சயமானால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாகாது. ஒரு நாளும் தாமதிக்காமல் வெட்ட வேண்டும். மென்பவளத்தை வெட்டுவது கொடுமையாகத் தோன்றினாலும், அதன் வமிசமே வெட்டுண்டு வளர்ந்து வந்தது. பண்ணைகளில் இருக்கும் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தாயின் துண்டே. தொட்டி நீர் நிரப்பிய ஒரு தட்டில் அதை வைத்து, புதிய பிளேடால், அழுகலின் எல்லைக்கு ஒரு சென்டிமீட்டர் அப்பால் நல்ல சதையில், அறுக்காமல் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். பிளேடு செல்லும்போது நறநறவென்று மணலில் போவதாகக் கைக்கு உணர்த்தும். சதைக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துணுக்குகள் அவை. வெட்டுமுகம் ஒரே நிறமாக, உறுதியாக இருக்க வேண்டும். அங்கும் கறுப்பு நரம்பு தெரிந்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே போங்கள். தண்டின் அடி அழுகித் தலை நன்றாயிருந்தால் தலையை மட்டும் காப்பாற்றலாம். தலை அழுகித் தண்டு நன்றாயிருந்தால், மொட்டையாக நிற்கும் அந்தத் தண்டும் சில வாரத்தில் மேலே புதுத்தலை கட்டிக்கொள்ளும். வெட்டியதைச் சுத்தமான கடல்நீரில் நன்றாக அலசி, சளி நின்றபின் வையுங்கள்.

அந்தத் துண்டைக் கல்லில் நிறுத்துவது தனிக் கலை. கற்பவளத்துக்குப் பயன்படும் சூப்பர் க்ளூ இங்கே உதவாது; அது சளியோடு ஒட்டிக்கொள்ளும், சளியைப் பவளம் உதிர்த்துவிடும், மறுநாள் காலையில் க்ளூ ஒரு பக்கமும் துண்டு ஒரு பக்கமுமாகக் கிடக்கும். அடிச்சதையில் ஒரு பல்குத்தும் குச்சியைக் குறுக்கே செருகி, குச்சியின் இருமுனையையும் ரப்பர் பேண்டால் கல்லோடு பிணைக்கலாம். ரப்பர் பேண்டைச் சதையின்மேலேயே சுற்றி இறுக்கினால் நாலாம் நாள் அது துண்டை இரண்டாக்கிவிடும். இன்னும் சாதுவான முறை, சிறு கற்களைப் பரப்பிய கிண்ணத்தில் துண்டை வைத்து மேலே கொசுவலைத் துணியைத் தளர்வாகக் கட்டி, மிதமான நீரோட்டத்தில் இரண்டு வாரம் விட்டுவிடுவது. அதுவே ஏதோ ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும்.

தேற்றும் காலத்தில் செய்யக் கூடாதவற்றைப் பற்றி எனக்குப் பிடிவாதமான அபிப்பிராயங்கள் உண்டு. தினம் அயோடின் சொட்டு விடும் வழக்கத்தால் பயன் கண்டவர் எவரையும் நான் அறியேன். அளக்காமல் விடும் எந்த மருந்தும் குருட்டாம்போக்கே. மூடிய பவளத்துக்கு இரை தூவுவது அதன்மேல் அழுகும் பொருளைக் கொட்டுவதாகும். திறக்கும் வரை பட்டினி அதற்குப் பத்தியமே. ஆனால் ஒன்றை மட்டும் அவசியம் செய்யலாம்: வடிகட்டியில் ஆக்டிவேட்டட் கார்பனை ஒரு சிறு பையில் இட்டு வைத்து, மூன்று வாரத்துக்கொருமுறை மாற்றுங்கள். மென்பவளங்கள் டெர்பீன் வகை ரசாயனங்களைச் சுரந்து அண்டைவீட்டுக் கற்பவளங்களை வளரவிடாமல் தடுக்கின்றன என்பதை, 1980களில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃபில் ஸமார்க்கோவும் கோலும் அவர்களுடைய சகாக்களும் ஆராய்ந்து காட்டினார்கள். திறந்த கடலில் அலை அடித்துக்கொண்டு போகும் அந்தச் சுரப்பு, நம் இருநூறு லிட்டர் நீரில் போக்கிடமின்றிச் சுற்றிக்கொண்டிருக்கும். பயந்துபோன பவளமும் வெட்டுண்ட பவளமும் அதை இன்னும் தாராளமாக விடும். கார்பனோடு வாரம் பத்து விழுக்காடு நீர் மாற்றமும் சேர்ந்தால் போதுமானது. துறவி நண்டும் சிலவகை ஏஞ்சல் மீனும் மூடிய தலையைக் கொத்தினால், மீனை விரட்டிக்கொண்டிருப்பதைவிடப் பவளத்தின்மேல் சில நாளுக்கு ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து வைப்பது சுலபம்.

இதுவரை சொன்னவை ஸார்கோஃபைட்டனை முன்னிறுத்தி. ஸினுலேரியா, லோபோஃபைட்டம், கென்யா ட்ரீ என்று விற்கும் காப்னெல்லா ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் இதுவே வழி. ஸினுலேரியா இவ்வளவு பகட்டாகத் தோல் உரிக்காது, தன் விரல்களை ஓரிரு நாள் தொங்கவிட்டு நிமிர்த்திக்கொள்ளும். ஸீனியா விஷயம் வேறு. கைகளை விரித்து மூடி விரித்து மூடித் துடிக்கும் அந்த அழகுக்காகவே பலரும் அதை வாங்குகிறார்கள். துடிப்பின் பயன் என்னவென்பதை அதன் உறவினமான ஹெட்டரோஸீனியாவில் செங்கடலோரத்து எய்லாட்டில் ஆராய்ந்தவர்கள், அது சதையில் தேங்கும் பிராணவாயுவை அகற்றி ஒளிச்சேர்க்கையைப் பெருக்குகிறது என்று 2013இல் எழுதினார்கள். பைக்குள் துடிப்பு நிற்கிறது, நின்றால் அதன் பாடு கஷ்டம். நெடும்பிரயாணத்தில் ஸீனியா ஒரே இரவில் கூழாகிவிடக் கூடியது; வாங்குவதானால் பக்கத்து ஊரில் வளர்ப்பவரிடம் கல்லோடு வாங்குங்கள்.

சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாகக் கண்ணைப் பறிக்கும் டெண்ட்ரோநெஃப்தியா என்ற மென்பவளத்தை எந்தப் பிரயாணத்துக்குப் பிறகும் வாங்க வேண்டாம் என்பதே என் புத்திமதி. அதற்குள் நுண்பாசி கிடையாது. வெளிச்சம் அதற்கு உணவாகாது. 1995இல் ஃபாப்ரிசியஸ் முதலானோர் செங்கடலில் கண்டறிந்தபடி அது நீரில் மிதக்கும் நுண்தாவரங்களை இடைவிடாமல் வடித்துத் தின்பது. அந்த இடைவிடாமையை வீட்டுத் தொட்டியில் நடத்த முயன்றால், பவளத்துக்கு முன் நீர் கெட்டுப்போகும். அது நம் வீட்டுக்கு வந்து மெல்லச் சுருங்குவது பிரயாணக் களைப்பினாலன்று, பசியினால்.

எங்கிருந்து வாங்குவது என்பதிலும் ஒரு வார்த்தை. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்த மன்னார் வளைகுடாக் கடலிலும் ஸார்கோஃபைட்டனும் ஸினுலேரியாவும் உண்டு. அது 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு கைக்கல்லையும் எடுத்து வருதல் குற்றம். கற்பவளங்கள் அனைத்தும், கடல்விசிறிகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றவை. ‘உள்ளூர்ச் சரக்கு, பிரயாணமே இல்லை, உடனே தேறிவிடும்’ என்று மலிவாகக் கொடுப்பவரிடம் பேச்சை வளர்க்காமல் வந்துவிடுங்கள். இறக்குமதியானதென்றால் அதற்குரிய காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

தலை முழுவதும் பாலிப்புகள் வெளிவந்து, விளக்கு எரியும் பொழுதெல்லாம் ஒரு வாரம் தொடர்ந்து விரிந்தபடியே நின்றால் பவளம் தேறிவிட்டது எனலாம். அப்போது மிக நுண்ணிய இரையை வாரத்துக்கொரு தடவை, விளக்கணைந்தபின், பவர்ஹெட்டைப் பத்து நிமிஷம் நிறுத்திவிட்டுக் கொஞ்சமாக விடலாம், விடாவிட்டாலும் குறைவில்லை. தனித்தொட்டியில் இருந்ததானால் பெரிய தொட்டிக்கு மாற்றும் நாளில் மேலே சொன்ன உஷ்ணமும் உப்பும் சமப்படுத்தும் காரியத்தை மறுபடி செய்ய வேண்டும். மாற்றியபின் இரண்டொரு நாள் மூடிக்கொள்ளும், அதற்காகக் கலங்க வேண்டாம். நிரந்தர இடத்தைத் தேர்ந்தெடுக்கையில் இப்போதுள்ள அளவைப் பாராமல், தலை ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம் வளரும் என்று கணக்கிட்டு, சுற்றிலும் ஒரு சாண் இடம் விட்டு, கற்பவளங்கள் இருந்தால் அவற்றுக்கு நீரோட்டத்தின் கீழ்ப்புறத்தில் வையுங்கள்.